முப்புரிக் கயிறு: தசைநாணுக்குள் அகச்சிவப்பு ஒளி கண்டது

தமிழில் ‘நரம்பு’ என்ற சொல் படுகிற பாடு கொஞ்சநஞ்சமில்லை. மூளையிலிருந்து செய்தி கொண்டு போவதும் நரம்பு. புறங்கையில் பச்சையாகத் தெரிகிற இரத்தக் குழாயும் நரம்பு. பழைய இலக்கியத்தில் யாழில் கட்டிய தந்தியும் நரம்பு. ஹஜ்ஜுப் பெருநாளுக்குக் குர்பான் கொடுத்த மாட்டின் காலில், கத்திக்கு மசியாமல் வெள்ளையாக இழுபடுகிறதே, அதுவும் நரம்புதான். மைதானத்தில் ஒருத்தன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தால் தாராபுரத்துப் பெரியவர்கள் “நரம்பு புரண்டிட்டு” என்பார்கள். எங்கள் வயதுக்காரர் “லிகமென்ட் போயிட்டு” என்பார்கள். இரண்டு பேரும் சொல்வது கிட்டத்தட்ட ஒரே சாமானைத்தான்.

கொஞ்சம் பிரித்து வைத்துக்கொள்வோம். தசையை எலும்போடு கட்டுகிற நார் தசைநாண். வில்லின் நாண் போல இழுவையைத் தாங்குவதால் அந்தப் பெயர். எலும்பை எலும்போடு கட்டுகிற நார் லிகமென்ட். முழங்காலுக்குள் குறுக்காக ஓடுகிற லிகமென்ட் அறுந்துதான் பல கால்பந்தாட்டக்காரரின் விளையாட்டு முடிந்துபோகிறது. இரண்டுக்கும் உள்ளே இருக்கிற முக்கியமான பொருள் ஒன்றே: கொலாஜன் என்கிற புரதம். நம் உடம்பில் இருக்கிற மொத்தப் புரதத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இதுதான்.

கலைப்பீடத்தில் படிக்கிற நாங்கள் ஏன் புரதம் பற்றி எழுதுகிறோம் என்று கேட்பீர்கள். இந்த நாருக்குள் என்ன இருக்கிறது என்று உலகம் கண்டுபிடித்த கதையில் ஒரு முக்கியமான அத்தியாயம் 1954இல் சென்னையில், கிண்டியில் நடந்தது. மன்னாரிலிருந்து பார்த்தால் கடலுக்கு அந்தப் பக்கம். இரட்டைச் சுருளான டி.என்.ஏ. பற்றி எல்லோருக்கும் தெரியும், வாட்சன், கிரிக் பெயரும் தெரியும். அதற்கு அடுத்த வருடமே வந்த சென்னையின் மூன்று சுருளைப் பற்றித்தான் பேச்சில்லை. அது விஞ்ஞானக் கதை மட்டுமில்லை, யார் அளந்தார்கள், யார் யோசித்தார்கள், யாருடைய பெயர் நின்றது என்கிற வரலாறும்தான். அதனால் அது எங்களுடைய பாடமும்கூட.

சிவப்புக்கு அப்பால் ஒரு வெப்பமானி

முதலில் ஒளியிலிருந்து தொடங்குவோம். 1800இல் இங்கிலாந்தில் வில்லியம் ஹெர்ஷல் என்ற வானியலாளர் சூரிய ஒளியைப் பட்டகம் வழியாகச் செலுத்தி, ஒவ்வொரு நிறத்திலும் ஒரு வெப்பமானியை வைத்துச் சூட்டை அளந்தார். யுரேனஸ் கோளைக் கண்டுபிடித்தவரும் இவர்தான். அதற்கு முன்பு அவருடைய தொழில் இசை. ஊதாவிலிருந்து சிவப்பை நோக்கிப் போகப் போகச் சூடு ஏறியது. சிவப்பைத் தாண்டி, கண்ணுக்கு ஒன்றுமே தெரியாத இருட்டில் வைத்த வெப்பமானி இன்னும் கூடுதலாகக் காட்டியது. அங்கேயும் ‘ஒளி’ இருக்கிறது என்று புரிந்தது. அதைத்தான் இப்போது அகச்சிவப்பு என்கிறோம். டிவி ரிமோட்டின் முனையிலிருந்து போவதும் அதுதான்.

இருபதாம் நூற்றாண்டில் வேதியியல்காரர்களுக்கு இந்த ஒளி ஒரு கருவியானது. எந்த மூலக்கூறும் சும்மா இருப்பதில்லை. அதன் அணுக்களை இணைக்கிற பிணைப்புகள் ஸ்பிரிங் மாதிரி அதிர்ந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு பிணைப்புக்கும் தனக்கென்று ஒரு தாளம். அந்தத் தாளத்தோடு ஒத்துப்போகிற அகச்சிவப்பு ஒளி வந்தால் பிணைப்பு அதை உறிஞ்சிக்கொள்ளும். ஒரு பொருள் வழியாக ஒளியை அனுப்பி, எந்த அலைநீளம் குறைந்து வந்தது என்று பார்த்தால், உள்ளே என்னென்ன பிணைப்புகள் இருக்கின்றன என்று சொல்லலாம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் செயற்கை றப்பரையும் பெனிசிலினையும் ஆராய இந்த முறை பெரிதாக உதவியது. போர் முடிந்தபோது அகச்சிவப்புக் கருவிகள் பல ஆய்வுகூடங்களுக்கு வந்து சேர்ந்திருந்தன.

அடுத்த படியை எடுத்தவர்களில் சிலர் ஒரு நூல் கம்பெனிக்காரர். இங்கிலாந்தின் மெய்டன்ஹெட்டில் கோர்டால்ட்ஸ் என்ற செயற்கைப் பட்டுக் கம்பெனிக்கு ஓர் ஆய்வுகூடம் இருந்தது. அங்கே வேலை செய்த அம்புரோஸ், எலியட் ஆகியோர் 1949 முதல் புரத நார்களை முனைவாக்கிய அகச்சிவப்பு ஒளியில் பார்க்கத் தொடங்கினார்கள். முனைவாக்கிய ஒளி என்றால் ஒரே திசையில் மட்டும் அதிர்கிற ஒளி.

இதில் என்ன விசேஷம்? ஊஞ்சலை நினைத்துப் பாருங்கள். அது ஆடுகிற திசையில் தள்ளினால் ஏறும், பக்கவாட்டில் தள்ளினால் ஏறாது. பிணைப்பும் அப்படித்தான். தான் அதிர்கிற திசையில் வருகிற ஒளியைத்தான் நன்றாக உறிஞ்சும். ஆகவே நாரை நீளவாக்கில் ஒருமுறை, குறுக்காக ஒருமுறை வைத்து அளந்தால், உள்ளே பிணைப்புகள் எந்தத் திசையில் நிற்கின்றன என்று தெரிந்துவிடும். நாரை வெட்டவும் வேண்டாம், கரைக்கவும் வேண்டாம்.

மயிர், தசை போன்றவற்றின் புரதத்தில் ஐதரசன் பிணைப்புகள் நாரின் நீளவாக்கில் நின்றன. 1951இல் அமெரிக்காவின் லைனஸ் பாலிங் முன்வைத்த ஒற்றைச் சுருளான அல்ஃபா சுருளுக்கு அது சரியாகப் பொருந்தியது. ஆனால் கொலாஜன் எதிர்மாறாகப் பதில் சொன்னது. அதில் அந்தப் பிணைப்புகள் நாருக்குக் குறுக்கே நின்றன. அப்படியானால் தசைநாணின் உள்ளமைப்பு மயிரைப் போன்றதில்லை. ஒரு சங்கிலி தன்னைத்தானே பிடித்துக்கொண்டு சுருளவில்லை. பக்கத்துச் சங்கிலியை எட்டிப் பிடித்திருக்கிறது. எத்தனை சங்கிலி, எப்படிப் பிடித்திருக்கிறது? அதை அகச்சிவப்பு சொல்லவில்லை.

கிண்டியில் ஒரு முப்பது வயதுக்காரர்

ஜி. என். ராமச்சந்திரன் 1922இல் எர்ணாகுளத்தில் பிறந்தவர். பெங்களூரில் சி. வி. ராமனிடம் படித்தார், பிறகு கேம்பிரிட்ஜில் ஆய்வு செய்து திரும்பினார். 1952இல் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஏ. லட்சுமணசாமி முதலியார் அவரை அழைத்து இயற்பியல் துறைக்குத் தலைவராக்கினார். வயது முப்பதுதான். துறையையும் எக்ஸ் கதிர் ஆய்வுகூடத்தையும் அவர் கட்டியெழுப்ப வேண்டியிருந்தது.

அந்த வருடம் பிரித்தானிய அறிஞர் ஜே. டி. பெர்னால் சென்னைக்கு வந்தார். கொலாஜனுக்கு இதுவரை சொல்லப்பட்ட எந்த அமைப்பும் திருப்தியாக இல்லை என்று பேச்சில் குறிப்பிட்டார். ராமச்சந்திரன் அதைப் பிடித்துக்கொண்டார். சென்னை அதற்குத் தோதான ஊர். 1948இல் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் பக்கத்திலேயே, அடையாறில் இருந்தது. தோல் என்பதும் பெரும்பாலும் கொலாஜன்தானே.

அவரும் கோபிநாத் கர்த்தாவும் சேர்ந்து தசைநாணின் எக்ஸ் கதிர்ப் படங்களை ஆராய்ந்தார்கள். அந்தக் காலத்துக் கொலாஜன் ஆய்வாளர்களுக்குப் பிடித்த மாதிரி கங்காருவின் வால் தசைநாண். நீளமானது, நார்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கும், படம் தெளிவாக விழும். சுறாச் செட்டைக்குள் ஊசி ஊசியாக இருக்கிறதே, அந்த நாரும் கொலாஜன் குடும்பம்தான். நம் கரையில் சுறா வெட்டியவர்கள் எல்லோரும் அதைக் கையால் தொட்டிருப்பார்கள்.

அவர்கள் முன்னால் இருந்த சாட்சியங்களை வரிசையாகச் சொல்லிப் பார்க்கலாம். எக்ஸ் கதிர்ப் படம் இது ஏதோ ஒரு சுருள் என்றது. வேதியியல் பகுப்பாய்வு, கொலாஜனின் அமினோ அமிலங்களில் மூன்றில் ஒன்று கிளைசின் என்றது. கிளைசின்தான் அமினோ அமிலங்களில் மிகச் சிறியது. அகச்சிவப்பு, பிணைப்புகள் குறுக்கே நிற்கின்றன என்றது. மூன்றையும் ஒன்றாக வைத்தால் என்ன வரும்?

மூன்று சங்கிலிகள். பக்கத்தில் பக்கத்தில் நின்று, ஒன்றையொன்று குறுக்காகப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொரு சங்கிலியிலும் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின். ஏனென்றால் மூன்றும் சேருகிற நடு இடம் மிகவும் ஒடுக்கம், கிளைசினைத் தவிர வேறெதுவும் அங்கே நுழையாது. 1954 ஆகஸ்டில் ‘நேச்சர்’ இதழில் இது வெளிவந்தது. 1955இல் ராமச்சந்திரனும் கர்த்தாவும் இதைத் திருத்தினார்கள். மூன்று சங்கிலிகளும் வெறுமனே நேராக நிற்கவில்லை, ஒன்றையொன்று சுற்றி முறுக்கியும் இருக்கின்றன என்றார்கள்.

இதை விளங்கிக்கொள்ள மன்னார்க்காரருக்குப் படமே தேவையில்லை. வாடியில் கிடக்கிற கயிற்றை எடுத்துப் பாருங்கள். மூன்று புரி. ஒவ்வொரு புரியும் ஒரு பக்கம் முறுக்கியிருக்கும், மூன்றும் சேர்ந்து எதிர்ப்பக்கம் முறுக்கியிருக்கும். அதனால்தான் இழுத்தாலும் பிரிவதில்லை, இழுக்க இழுக்க இறுகுகிறது. கொலாஜனும் அச்சொட்டாக அப்படித்தான். தனிச் சங்கிலிகள் இடப்பக்கம் சுருள்கின்றன, மூன்றும் சேர்ந்து வலப்பக்கம் முறுக்கிக்கொள்கின்றன. ஒரு மூலக்கூறின் நீளம் சுமார் 300 நானோமீற்றர், தடிப்பு ஒன்றரை நானோமீற்றர். இப்படிப்பட்ட கோடிக்கணக்கான கயிறுகள் சேர்ந்து கட்டுக்கட்டாகி, நம் குதிக்கால் தசைநாணாகின்றன. ‘முப்புரி’ என்று தமிழில் ஏற்கனவே ஒரு நல்ல சொல் இருக்கிறது. நாங்கள் அதையே பாவிக்கிறோம்.

குர்பான் மாட்டுக்காலை நெடுநேரம் அவித்தால் அந்த வெள்ளை நார் இளகி, ஆறியபின் சூப் கட்டியாக உறைகிறது அல்லவா? சூட்டில் முப்புரி பிரிந்து தனித்தனிச் சங்கிலியாகிவிடுகிறது. அதுதான் ஜெலட்டின். உறுதி பொருளில் மட்டும் இல்லை, முறுக்கிலும் இருக்கிறது என்பதற்கு வீட்டு அடுப்பே சாட்சி.

கேம்பிரிட்ஜின் மறுப்பு

1955இலேயே அலெக்சாண்டர் ரிச்சும் பிரான்சிஸ் கிரிக்கும் தங்கள் கொலாஜன் அமைப்பை வெளியிட்டார்கள். மூன்று சங்கிலி என்கிற அடிப்படையை அவர்களும் ஏற்றார்கள். ஆனால் சென்னை மாதிரியில் சில அணுக்கள் இருக்கவேண்டியதைவிட நெருக்கமாக நிற்கின்றன, அது நடக்காது என்றார்கள். சென்னை மாதிரியில் மூன்று அமினோ அமிலத்துக்கு இரண்டு ஐதரசன் பிணைப்பு, அவர்களுடையதில் ஒன்று. உலகத்துப் புத்தகங்கள் பலவற்றில் நிலைத்தது ரிச், கிரிக் பெயர்.

இந்த இடத்தில் இரண்டு சுலபமான கதைகள் உண்டு. “வெள்ளைக்காரன் நம்முடையதைத் திருடிவிட்டான்” என்பது ஒன்று. “நம் ஆள் பிழையாகச் சொன்னார், அவர்கள் திருத்தினார்கள்” என்பது மற்றது. நடந்தது இரண்டையும்விடச் சுவையானது.

அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்பதுதானே கேள்வி? ராமச்சந்திரன் அதையே ஆய்வாக எடுத்தார். அதுவரை தெரிந்திருந்த பளிங்கு அமைப்புகளிலிருந்து அணுக்களுக்கிடையிலான தூரங்களைச் சேகரித்து, எந்தத் திருப்பம் நடக்கும், எது நடக்காது என்று கணக்கிட்டார். 1963இல் சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோருடன் சேர்ந்து வெளியிட்ட அந்த வரைபடம் இன்று ராமச்சந்திரன் வரைபடம் என்று உலகம் முழுக்கப் படிக்கப்படுகிறது. புதிதாக ஒரு புரதத்தின் அமைப்பைக் கண்டவர் அது சரிதானா என்று பார்க்க இன்றைக்கும் அந்த வரைபடத்தில்தான் வைத்துப் பார்க்கிறார். ஒரு மறுப்புக்குப் பதில் தேடிப்போனவர், எல்லோருக்கும் அளவுகோலைக் கொடுத்துவிட்டு வந்தார்.

பிணைப்பு ஒன்றா இரண்டா? 1968இல் ராமச்சந்திரனும் ஆர். சந்திரசேகரனும், இரண்டாவது பிணைப்பு நேரடியாக இல்லாமல் இடையில் ஒரு நீர் மூலக்கூறு நின்று பாலமாக வரலாம் என்றார்கள். 1994இல் கொலாஜனைப் போன்ற ஒரு சிறு மூலக்கூறின் பளிங்கு அமைப்பு தெளிவாக வெளிவந்தபோது, நேரடிப் பிணைப்பு ஒன்றுதான் என்பது உறுதியானது. அதில் கிரிக் பக்கம் சரி. கூடவே சங்கிலிகளைச் சுற்றி நீர் மூலக்கூறுகள் பாலம் பாலமாக நிற்பதும் தெரிந்தது. நீர் முக்கியம் என்பதில் சென்னைப் பக்கமும் சரி.

ராமச்சந்திரனுக்கு நோபல் கிடைக்கவில்லை. 1977இல் இலண்டன் ரோயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. 2001இல் சென்னையில் காலமானார். தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் அரங்கத்துக்கு ‘டிரிப்பிள் ஹீலிக்ஸ்’ என்று பெயர். முப்புரியின் பெயரில் ஓர் அரங்கம் இருக்கிற ஊர் உலகத்தில் அதிகம் இருக்காது.

மெல்லிய துண்டிலிருந்து உயிருள்ள முழங்காலுக்கு

அகச்சிவப்பின் வேலை அதோடு முடியவில்லை. ஆனால் ஒரு தடை இருந்தது. அம்புரோஸ் காலத்து ஆய்வில் பயன்பட்ட நடுத்தர அகச்சிவப்பைத் தண்ணீர் விழுங்கிவிடும். தசைநாணின் எடையில் பாதிக்கு மேல் தண்ணீர். ஆகவே மாதிரியை மிக மெல்லிய துண்டாக, பெரும்பாலும் உலரவைத்துத்தான் பார்க்கமுடியும். உயிரோடு இருக்கிறவரின் காலை அப்படிச் செய்ய முடியுமா?

சிவப்புக்கு மிகப் பக்கத்தில் இருக்கிற அண்மை அகச்சிவப்பு அப்படியில்லை. அது திசுவுக்குள் மில்லிமீற்றர் கணக்கில், சில இடங்களில் இன்னும் ஆழமாகவும் போகும். உள்ளங்கையில் டோர்ச்சை அழுத்தினால் மறுபக்கம் சிவப்பாகத் தெரிகிறதே, கிட்டத்தட்ட அந்த மாதிரி. இதன் சிக்கல் வேறு. இந்தப் பகுதியில் உறிஞ்சல்கள் மங்கலாக, ஒன்றின்மேல் ஒன்று விழுந்து கிடக்கும். தனித்தனியாக வாசிக்க முடியாது. 1960களில் அமெரிக்க விவசாயத் திணைக்களத்தில் கார்ல் நொரிஸ் என்பவர் தானியத்தின் ஈரத்தை அளக்க இந்த ஒளியைப் பயன்படுத்தினார். ஏராளமான மாதிரிகளின் உண்மையான அளவை முதலில் வேறு முறையில் கண்டு, ஒளியின் பதிவோடு ஒப்பிட்டுக் கணக்கை உருவாக்கினால், புதிய மாதிரிக்கு ஒளியே போதும். 1977இல் பிரான்ஸ் யோப்சிஸ் இதே ஒளி மூளைக்குள்ளும் போய் ஒட்சிசனைப் பற்றிச் சொல்லும் என்று காட்டினார்.

அந்த முறை இப்போது தசைநாணுக்கும் லிகமென்டுக்கும் வந்திருக்கிறது. கிழக்கு பின்லாந்துப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மாட்டு முழங்காலின் லிகமென்டுகளையும் சில்லுத் தசைநாணையும் எடுத்து, அண்மை அகச்சிவப்பில் பதிவுசெய்து, பிறகு கருவியில் இழுத்து உறுதியை அளந்து, இரண்டையும் ஒப்பிட்டார்கள். ஒளியை வைத்தே நாரின் உறுதியைப் பற்றிச் சொல்லலாம் என்று கண்டார்கள். சத்திரசிகிச்சையின்போது சிறு துளை வழியாகப் பேனை போன்ற ஒரு கருவியைச் செலுத்தி, இந்த லிகமென்ட் எவ்வளவு பழுது, ஒட்டுப் போடலாமா, மாற்றவேண்டுமா என்று கேட்பதுதான் நோக்கம். இன்னும் ஆஸ்பத்திரிகளில் வழக்கமான சோதனையாகவில்லை.

யாருடைய நாரை அளந்தார்கள்?

இங்கேதான் எங்களுக்கு ஒரு கவலை. கொவிட் காலத்தில் விரலில் மாட்டிய ஒட்சிமானி ஞாபகம் இருக்கும். அதுவும் சிவப்பு, அகச்சிவப்பு இரண்டு ஒளியை வைத்துத்தான் வேலை செய்கிறது. 2020 டிசம்பரில் அமெரிக்க மருத்துவர்கள் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். இரத்தத்தில் உண்மையில் ஒட்சிசன் குறைந்திருந்தபோது அதைக் கருவி கண்டுகொள்ளாமல் விட்டது, வெள்ளை நோயாளிகளைவிடக் கறுப்பு நோயாளிகளிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு. தோலின் மெலனின் ஒளியை உறிஞ்சுகிறது, சிவப்பில் கூட, அகச்சிவப்பில் குறைய. கருவியின் கணக்கு பெரும்பாலும் வெளிர்நிறத் தோலில் உருவானது. ஒளிக்குப் பாரபட்சம் தெரியாது. யாரை வைத்து அளவுகோல் செய்தோம் என்பதில்தான் பாரபட்சம் வந்தது.

தசைநாணுக்குள் கருவியைச் செலுத்தினால் தோல் தடையில்லை. ஆனால் நாளைக்குத் தோலுக்கு வெளியே வைத்தே குதிக்கால் நாரைப் பார்க்கிற மலிவான கருவி வந்தால்? எங்களைப் போன்ற ஊர்களுக்குத்தான் அது கூடுதலாக உதவும். எம்.ஆர்.ஐ. இயந்திரம் எல்லா ஆஸ்பத்திரியிலும் இல்லை. அந்தக் கருவிக்குள் இருக்கிற கணக்கில் கரைவலை இழுத்து இழுத்துத் தேய்ந்த தோள் இருக்குமா? வெயிலில் கறுத்த கால் இருக்குமா? வெறுங்காலோடு மணலில் பந்தடிக்கிற முழங்கால் இருக்குமா?

ஊரில் முறிவு நெரிவு வைத்தியர்களிடம் ஓர் அளவுகோல் உண்டு. விரலால் அமுக்கிப் பார்த்தே நார் இறுகியிருக்கிறதா, விட்டுப்போயிருக்கிறதா என்று சொல்கிற கை அது. அந்தக் கைக்குத் தெரிந்தது எங்கள் உடம்புகள். ஆனால் அது கையிலிருந்து கைக்குப் போவது, தாளில் இருப்பதில்லை. 1990 அக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டு, தாராபுரம் மக்கள் புத்தளப் பக்கம் போய் இருபது வருடம் வாழவேண்டி வந்தபோது, எழுதாத அறிவு எவ்வளவு சீக்கிரம் சிதறும் என்று எங்கள் ஊர் படித்துவிட்டது. எழுதி, எண்ணி, மற்றவர் சரிபார்க்கிற மாதிரி வைத்த அறிவுதான் இடம் பெயர்ந்தாலும் நிற்கும்.

சென்னைக் கதையிலிருந்து நாங்கள் எடுத்துக்கொள்கிற விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். அந்த அகச்சிவப்பு அளவீடு வந்தது ஓர் ஆங்கில நூல் கம்பெனியிலிருந்து. ராமச்சந்திரனும் கர்த்தாவும் தங்கள் எக்ஸ் கதிர்ப் படத்தையும் அடுத்தவர்கள் அளந்ததையும் ஒன்றாக வைத்து, அவர்கள் கேட்காத கேள்வியைக் கேட்டார்கள். மறுப்பு வந்தபோது கோபத்தோடு நிற்காமல் எண்களைச் சேகரித்தார்கள். பெரிய இயந்திரம் இல்லாத ஊரிலிருந்தும் இதைச் செய்யலாம் என்பதற்கு 1954 ஓர் ஆதாரம்.

விஞ்ஞானபீடத்தில், மருத்துவபீடத்தில் இருக்கிற தம்பி தங்கைகளே, அடுத்த முறை ஏதாவது ஒரு கருவியின் முன்னால் நிற்கும்போது, இதன் அளவுகோல் யாருடைய உடம்பில் செய்யப்பட்டது என்று ஒருதரம் கேளுங்கள். பதில் கிடைத்தால் எழுதுங்கள், தமிழிலேயே எழுதுங்கள். இந்தப் பக்கத்தில் இடம் தர நாங்கள் ரெடி.